அனுமதி பெற்ற கட்டடங்களுக்குப் பொருந்தாது

தீர்மானத்தை ஒருவர்கூட எதிர்க்கவில்லை. சுடலைவடிவுக்கு அதுதான் நம்ப முடியாமல் இருந்தது.

சாத்தம்பேரி நகராட்சியில் அவள் கவுன்சிலராகி நாலாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு. தெருமுனையில் தையல் கடை வைத்திருந்தவளை, ஜாக்கெட் தைக்க வருகிற பெண்கள்தான் பிடித்துத் தள்ளி நிற்க வைத்தார்கள், ஜெயிக்கவும் வைத்தார்கள். இத்தனை நாளும் கூட்டத்தில் அவள் எழுந்து பேசியது தெருவிளக்குக்கும் குடிதண்ணீருக்கும்தான். அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தாள்.

சட்டம் என்றால் நகராட்சிக்கான துணைவிதி. பெரியகுளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் மறுகால் ஓடை வழியாக ஊரைக் கடந்து தாமிரபரணியில் போய் விழும். அந்த ஓடைக்கு இரண்டு பக்கமும் பத்து மீட்டருக்குக் கட்டடம் கூடாது, ஓடையின் மேல் எதையும் மூடிக் கட்டக் கூடாது என்பது முதல் விதி. புதிதாக வீடு கட்டுகிறவர்கள் மனையில் கால்வாசியைச் சிமெண்ட் போடாமல் மண்ணாக விட வேண்டும். ரோடு போட்டால் ஓரத்தில் மரம் வைக்க இடம் விட்டுத்தான் போட வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயங்கள். ஆனால் ஓடைக்கரையில் பாதி ஊரின் கடைகளும் சரக்குக் கிட்டங்கிகளும் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மையப்பன் அண்ணாச்சியின் கல்யாண மண்டபம் இருந்தது.

அம்மையப்பன் ஊரில் பெரிய ஆள். அரிசி ஆலை, மண்டபம், பஸ் ஸ்டாண்டு பக்கம் வரிசையாகக் கடைகள். அவரும் கவுன்சிலர். யாரையும் அதட்டிப் பேச மாட்டார். கூட்டத்தில் அவர் எழுந்தால் தலைவரே பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார். அவர் இதை விடவே மாட்டார் என்று நினைத்துத்தான் சுடலைவடிவு முந்தின நாள் முழுக்கக் கணவன் பெருமாள்ராஜை எதிரில் உட்கார வைத்துப் பதில் சொல்லிப் பழகியிருந்தாள். பெருமாள்ராஜ் மினி வேன் ஓட்டுகிறவன். அண்ணாச்சி மாதிரிக் கேள்வி கேட்கச் சொன்னால் அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

தலைவர் தீர்மானத்தை வாசித்து முடித்ததும் அம்மையப்பன் எழுந்தார். சுடலைவடிவு பழகி வைத்திருந்த பதில்களை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அவர் சொன்னது இவ்வளவுதான்: போன வெள்ளத்தைப் பார்த்த பிறகும் இந்தச் சட்டம் வேண்டாம் என்று சொன்னால் நாமெல்லாம் மனுசரே இல்லை. தாயி சுடலைவடிவு நல்ல காரியம் செய்திருக்கிறாள். நான் வழிமொழிகிறேன். அப்புறம் போகிற போக்கில் கேட்பதுபோல ஒன்று கேட்டார்.

"ஒத்த வரி மட்டும் சேத்துக்கிடுவோம் தலைவரே. ஏற்கெனவே அனுமதி வாங்குன கட்டடங்களுக்கு இது பொருந்தாதுன்னு. முறைப்படி கட்டுனவன் வயித்துல நாம அடிக்கக் கூடாதுல்லா."

நியாயமாகத்தான் பட்டது. எல்லாரும் தலையாட்டினார்கள். சுடலைவடிவும் ஆட்டினாள். முறைப்படி செய்தவர்களைத் தண்டிக்கக் கூடாது என்பதில் என்ன தப்பு இருக்க முடியும்? ஆல் பாஸ் என்று தலைவர் சொல்ல, மேஜைகளைத் தட்டினார்கள். அடுத்த பொருள், குப்பை வண்டி வாங்குவது, ஆரம்பித்துவிட்டது.

வெளியே வந்து ஃபஹ்மிதாவுக்குப் போன் போட்டாள். மேலப்பாளையத்துப் பெண் ஃபஹ்மிதா. சென்னையில் நகரமைப்புப் படித்தவள். வெள்ளத்துக்குப் பிறகு ஓடையை அளக்கக் கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தவள், சுடலைவடிவின் தையல் கடையிலேயே பல நாள் உட்கார்ந்து இந்தச் சட்டத்தை வரிவரியாக எழுதிக் கொடுத்தாள். அந்த வாரம் அவளுக்குப் பிரசவமாகியிருந்தது. போனில் அவள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் திணறினாள். பின்னால் குழந்தை வீறிட்டது. சரியாகப் பேச முடியவில்லை. அம்மையப்பன் சேர்த்த ஒற்றை வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று சுடலைவடிவுக்குத் தோன்றவே இல்லை.

*

இந்தச் சட்டத்துக்காக அவள் இப்படி அலைந்ததற்குக் காரணம் பாலம்மாள்.

மார்கழி பிறந்த அன்றைக்கு வந்த வெள்ளம் அது. முந்தின நாள் பிடித்த மழை விடவே இல்லை. பெரியகுளம் நிறைந்து மறுகால் பாய்ந்தது. ஓடையில் தண்ணீர் வந்தால் ஆற்றுக்குத்தான் போக வேண்டும். ஆனால் ஊர்க் கடைசியில் அம்மையப்பன் மண்டபத்தின் சமையல்கட்டும் சாப்பாட்டு ஹாலும் ஓடையின் மேலேயே தளம் போட்டுக் கட்டியவை. தண்ணீர் போக அடியில் நாலு குழாய் பதித்திருந்தார்கள். முதல் அரைமணி நேரத்திலேயே வாழைத்தாரும் கருவேல முள்ளும் வந்து குழாய்களை அடைத்துவிட்டன. போக வழியில்லாத தண்ணீர் திரும்பி, மேலே இருந்த ஓடைக்கரைத் தெருவுக்குள் ஏறியது.

ஓடைக்கரைத் தெரு சுடலைவடிவின் வார்டு. பீடி சுற்றுகிறவர்கள், கொத்து வேலைக்குப் போகிறவர்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள். விடிகிற நேரத்தில் எல்லாரும் பள்ளிக்கூட மாடிக்கு ஓடினார்கள். பாலம்மாளின் மகள் முத்துராணி பிள்ளைகளை முதலில் கொண்டுபோய் விட்டுவிட்டு அம்மாவைக் கூட்டிவரத் திரும்பினாள். அதற்குள் தண்ணீர் கதவின் பாதிக்கு வந்திருந்தது. கதவு உள்பக்கம் திறக்கிற கதவுதான். ஆனால் உள்ளே மிதந்த கட்டிலும் பீரோவும் வந்து அதை அழுத்திப் பிடித்துக்கொண்டன. முத்துராணியும் சுடலைவடிவும் பெருமாள்ராஜும் சேர்ந்து தள்ளியும் அசையவில்லை. பெருமாள்ராஜ் கூரை ஓட்டைப் பிரித்து உள்ளே இறங்கினபோது நேரம் கடந்துவிட்டது.

அதற்குப் பிறகு சுடலைவடிவுக்குத் துணி வெட்டும்போதுகூடக் கை நிற்கும். அந்தக் கதவு அவள் தோளில் இருந்துகொண்டே இருந்தது.

*

அரசாங்கத்தின் ஒப்புதல் வர மாதக்கணக்கானது. வந்த விஷயமே அவளுக்குத் தெரியாது. ஒரு காலையில் கடையைத் திறந்து கூட்டிக்கொண்டிருந்தபோது தெருவில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், நகராட்சி ஆட்கள் வீடுவீடாகக் கதவில் நோட்டீஸ் ஒட்டிக்கொண்டு போகிறார்கள். ஓடைப் புறம்போக்கில் உள்ள கட்டடங்களை இரண்டு வாரத்துக்குள் காலி செய்ய வேண்டும், தவறினால் நகராட்சியே இடிக்கும்.

தெருவில் ஒரு வீடு பாக்கியில்லை. எல்லாக் கதவிலும் பசை ஈரமாக இருந்தது.

சுடலைவடிவு அந்த ஆளைப் பிடித்து, யார் சொல்லி ஒட்டுகிறாய் என்று கேட்டாள். அவன் பசை வாளியைக் கீழே வைத்துவிட்டு அவளையே ஒருமாதிரியாகப் பார்த்தான்.

"நீங்க கொண்டாந்த சட்டம்தானம்மா," என்றான்.

அவளைச் சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் அவள் தைத்த ஜாக்கெட்டைத்தான் போட்டிருந்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முத்துராணி வந்தாள். கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. கணக்குப் புரியாமல் திகைத்து நிற்கிற பிள்ளையின் முகம் அவளுக்கு.

"எங்கம்மா செத்ததுக்குத்தான் இந்தச் சட்டம்னு சொன்னயேக்கா," என்றாள் முத்துராணி. "எங்கள வெளிய தள்ளவா?"

சுடலைவடிவு கதவு கதவாகப் பார்த்தாள். தெரு முழுக்கத் தன் பெயரை யாரோ எழுதி ஒட்டிவிட்டுப் போனதுபோல் இருந்தது. திரும்பி நடந்தவள், காலில் செருப்பு இல்லை என்பதை நகராட்சி வாசலில்தான் கவனித்தாள்.

ஆணையாளர் திண்டுக்கல் பக்கத்து இளைஞர். வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. மரியாதையாக உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அவள் நேராகக் கேட்டாள்: தெருவுக்கு நோட்டீஸ் கொடுத்தீர்கள், சரி. மண்டபத்துக்கு எப்போது?

மண்டபத்துக்குக் கொடுக்க முடியாது என்றார் அவர். அதற்குக் கட்டட அனுமதி இருக்கிறது. ஓடையை ஒட்டிய கடைகளில் பாதிக்கும் இருக்கிறது. உங்கள் மன்றம் போட்ட தீர்மானத்திலேயே அனுமதி பெற்ற கட்டடங்களுக்குப் பொருந்தாது என்று இருக்கிறதே. ஓடைக்கரைத் தெருவில் ஒரு வீட்டுக்கும் அனுமதி இல்லை.

"அவங்க வீட்டு வரி கட்டுதாங்க சார். கரெண்டு இருக்கு. ரேசன் கார்டு இருக்கு."

"இருக்கும்மா. அனுமதி வேற."

அவர் கெட்ட மனிதர் இல்லை என்பதுதான் அவளை இன்னும் கலங்கடித்தது. சட்டத்தில் இருப்பதைத்தான் செய்கிறார். அவள் கொண்டுவந்த சட்டத்தில் இருப்பதை. மண்டபத்தால் செத்த பாலம்மாளின் வீட்டை இடிக்க வேண்டும், மண்டபம் அப்படியே நிற்க வேண்டும். அவள் அலைந்து திரிந்து வாங்கி வந்தது இதைத்தான். அன்றைக்குத் தலையாட்டியபோது அவள் கண்ணுக்கு முன்னாலேயேதான் இது நடந்தது. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அங்கிருந்து நேராக அம்மையப்பன் வீட்டுக்குப் போனாள். அவர் ஆலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வா தாயி என்று உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொண்டுவரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. தெரிந்தேதான் அந்த வரியைச் சேர்த்தீர்களா என்று மட்டும் கேட்டாள்.

அவர் மறைக்கவில்லை. சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"நீ கொண்டாந்த சட்டம். நான் ஒத்த வரிதான் சேத்தேன். எனக்கு என் மண்டபம் வேணும். அத எதுத்துப் பேசிச் சண்டை போட்டு வாங்குததுக்கு, கூட நின்னு வாங்குதது லேசுல்லா? நீ இன்னும் பைய பைய படிச்சுக்கிடுவ."

அவர் குரலில் கேலிகூட இல்லை. தம்பி மகளுக்குத் தொழில் சொல்லிக் கொடுப்பதுபோல் சொன்னார். காப்பி வந்தது. சுடலைவடிவுக்கு அந்த டம்ளரைத் தொடக்கூடக் கூசியது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றாள். அழுகை வருமென்று பார்த்தாள், வரவில்லை.

*

மேலப்பாளையத்தில் ஃபஹ்மிதாவின் தாய் ஆபிதா பீவி கதவைத் திறந்தார். சுடலைவடிவின் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் மகளிடம் கூட்டிப் போனார். ஃபஹ்மிதா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். அந்த வரி அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது. தலையைக் குனிந்து பிள்ளையின் துணியைச் சரிசெய்தாள்.

அவள் தன்னைத் திட்டினால்கூடத் தேவலை என்று சுடலைவடிவுக்கு இருந்தது. திட்டவில்லை. அந்த வரியை எடுக்க இன்னொரு தீர்மானம் போட வேண்டும், திருத்தம் கொண்டுவரலாம், மன்றத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்றாள். சுடலைவடிவுக்கு மூச்சு வந்தது. அப்படியே, ஓடைக்கரைத் தெருவை விட்டுவிடச் சொல்லியும் ஒரு வரி எழுதிக் கொடு பிள்ளை, தெரு தெருவாகவே இருக்கட்டும் என்று கேட்டாள்.

ஃபஹ்மிதா தலையை நிமிர்த்தினாள்.

"அத எழுத மாட்டேன்க்கா."

சுடலைவடிவு சரியாகத்தான் கேட்டோமா என்று பார்த்தாள்.

"தெரு இருக்கதும் ஓடைக்குள்ளதான்," என்றாள் ஃபஹ்மிதா. "மண்டபத்த எடுத்தா தண்ணி பாதி கொறையும். மீதி பாதி அந்தத் தெருவுக்குள்ளதான் வரும். அடுத்த வெள்ளத்துக்கு இன்னொரு பாலம்மா வேணுமா உங்களுக்கு?"

ஆபிதா பீவி மகளை அதட்டினார், வீட்டுக்கு வந்தவளிடம் இப்படியா பேசுவாய் என்று. சுடலைவடிவு வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அன்றைக்கு விழுந்த அடிகளில் இதுதான் பலமான அடி. அம்மையப்பன் செய்தது துரோகம். அதை எதிர்த்து நிற்கலாம். இது உண்மை. இதை எதிர்த்து எங்கே போய் நிற்பது? தன் தெருக்காரர்களுக்காகச் சட்டம் கேட்டவள், அந்தச் சட்டம் தன் தெருக்காரர்களையும் எழுந்து போகத்தான் சொல்லும் என்பதை இத்தனை நாள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

இருவரும் அன்று பகல் முழுக்க உட்கார்ந்து பேசினார்கள். குழந்தை தூங்கி, எழுந்து, பால் குடித்து, மறுபடி தூங்கியது. கடைசியில் மூன்று விஷயம் நின்றது. அனுமதி பெற்ற கட்டடங்களுக்கான விலக்கு போக வேண்டும். இடிப்பது தண்ணீர் போய்ச் சேருகிற கடைசியிலிருந்து, அதாவது மண்டபத்திலிருந்து, மேல்நோக்கி வர வேண்டும். குடியிருக்கிற வீடு எதையும், ஊருக்குள்ளேயே மாற்று வீடு கொடுத்துச் சாவி கைக்கு வராமல் தொடக் கூடாது. ஊருக்கு வெளியே பொட்டலில் கொண்டுபோய்க் கொட்டக் கூடாது என்பதை ஃபஹ்மிதா தனியாக ஒரு வரியாக எழுதினாள். பழைய வண்டிப்பேட்டை நகராட்சிக்குச் சொந்தம், சும்மா கிடக்கிறது, அங்கே கட்டலாம் என்று சுடலைவடிவு சொன்னாள்.

*

கூட்டம் வருவதற்குள் ஜேசிபி வந்துவிட்டது.

கெடு முடிந்த மறுநாள் காலை. சுடலைவடிவு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது முத்துராணி வீட்டுக் குளியலறைச் சுவர் சரிந்து கிடந்தது. உள்ளே கயிற்றில் காயப்போட்ட துணி அப்படியே தொங்கியது. தெருவே பார்க்க, அந்த வீட்டின் குளியலறை வெயிலில் திறந்து கிடந்தது. சுடலைவடிவுக்கு ஒரு பெண்ணின் மானத்தில் கை வைத்ததுபோல் இருந்தது. டிரைவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். வண்டியை அணைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் வீட்டுக்குள் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள். முத்துராணி உள்ளே வரச் சொல்லவும் இல்லை, வெளியே போகச் சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து உட்கார்ந்தார்கள். அதிகாரிகள் பேசிப் பார்த்தார்கள், போலீஸ் வந்தது, கடைசியில் ஆணையாளரே வந்தார். உடைந்த சுவரையும் உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்களையும் பார்த்தார். திருத்தத் தீர்மானம் அடுத்த கூட்டத்தில் வருகிறது, அதுவரை பொறுங்கள் என்று சுடலைவடிவு கேட்டாள். அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் தீர்மானம் தோற்றால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

தோற்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் ஒவ்வொரு கவுன்சிலர் வீடாகப் போனாள். சிலர் கை தூக்குகிறோம் என்றார்கள். பலர் அண்ணாச்சியை எதிர்த்து எப்படி என்று இழுத்தார்கள். இரண்டு பேர் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னார்கள். அரிசிக் கடை காஜா முகைதீன் வீட்டுக்கு மட்டும் அவள் போகவே இல்லை. போய் என்ன ஆகப் போகிறது? அவர் அம்மையப்பனுக்குச் சிறு வயதிலிருந்தே தோழர். ஆலை அரிசியைத்தான் விற்கிறார். அதைவிட, மண்டபத்தை ஒட்டிய அவருடைய கடையும் அவர் வாப்பா காலத்தில் அனுமதி வாங்கி ஓடைக்கரையில் கட்டியதுதான். அந்த வரி போனால் அவர் கடையும் போகும்.

*

இந்த முறை மன்றக் கூட்டத்தில் ஆட்களின் பேச்சில் மின்விசிறிச் சத்தமே கேட்கவில்லை. வாசல்வரை ஆள் நின்றார்கள். சுடலைவடிவு எழுந்து தீர்மானத்தைப் படித்தாள். தன் பழைய தீர்மானத்தால் ஒரு தெருவே நடுங்கிக்கொண்டிருக்கிறது, அதனால் திருத்துகிறேன் என்றாள். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது.

அம்மையப்பன் அமைதியாகத்தான் பேசினார். ஒரு சட்டத்தை வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் ஊர் சிரிக்கும், அரசாங்கம் கொடுத்த அனுமதியை நகராட்சியே மதிக்காவிட்டால் யார் இங்கே முதல் போடுவார்கள் என்றார். தலைகள் ஆடின. போன முறை ஆடிய அதே தலைகள்.

தலைவர் கை தூக்கச் சொன்னார். தீர்மானத்துக்கு ஆதரவாகக் கைகள் எழுந்தன. அவள் எண்ணிப் பார்த்தாள். சரிபாதிக்கு ஒன்று குறைந்தது. அவ்வளவுதான் என்று உட்காரப் போனாள்.

அப்போது அம்மையப்பனின் பக்கத்து நாற்காலியில் இருந்த காஜா முகைதீன் கையைத் தூக்கினார்.

தவறிப்போய்த் தூக்கிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தார்கள். தலைவரே கேட்டார், பாய், இது ஆதரவுக்கு என்று. காஜா முகைதீன் தெரியும் என்றார். கையை இறக்கவில்லை. அம்மையப்பன் திரும்பி அவரைப் பார்த்தார். சுடலைவடிவு எத்தனையோ தடவை அந்த முகத்தைப் பார்த்திருக்கிறாள். அதில் ஒருநாளும் காணாததை அன்று கண்டாள். உதடு மட்டும் அசைந்தது.

எதுவும் பேசாமல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கவுன்சிலர், காஜா முகைதீனின் கையைப் பார்த்துவிட்டுத் தன் கையையும் தூக்கினார். அதைப் பார்த்து இன்னொருவரும். அதோடு தீர்மானம் ஜெயித்தது.

சுடலைவடிவுக்கு மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். அவளுக்குக் காதுதான் அடைத்துக்கொண்டது. வெளியே பெண்கள் குலவை போட்டது எங்கோ தூரத்தில் கேட்டது.

மறுநாள் அரிசிக் கடைக்குப் போனாள். காஜா முகைதீன் கல்லாவில் உட்கார்ந்து முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஏன் பாய் என்று கேட்டாள். வெள்ளத்தைப் பற்றியோ பாலம்மாளைப் பற்றியோ பெரிதாக ஏதாவது சொல்லுவார் என்று எதிர்பார்த்தாள்.

"மழை வந்தா மூடைய எல்லாம் மேல தூக்குதேன். மழை விட்டா கீழ எறக்குதேன்," என்றார் அவர். "எனக்கு முதுகு போயிட்டும்மா. மவன் அம்மார் துபாய்ல இருக்கான், இந்தக் கடைக்கு வர மாட்டான். தண்ணி போற எடத்துல ஒக்காந்துகிட்டு எத்தன காலத்துக்குத் தண்ணிகூட மல்லுக்கட்ட?"

அம்மையப்பன் பேசுகிறாரா என்று கேட்டாள். இல்லை என்று தலையை மட்டும் அசைத்தார். முறத்தை இன்னொரு தடவை புடைத்தார்.

*

மண்டபத்தின் சமையல்கட்டையும் சாப்பாட்டு ஹாலையும், திருத்தத்துக்கு ஒப்புதல் வந்து, அம்மையப்பன் கோர்ட்டு வரை போய்த் தோற்ற பிறகுதான் இடித்தார்கள். இடித்த அன்றைக்கு அம்மையப்பன் குடை பிடித்துக்கொண்டு ரோட்டில் நின்று பார்த்தார். தளத்தை உடைத்து எடுத்ததும் அடியில் கிடந்த ஓடை வெளிச்சத்துக்கு வந்தது. கரிய சேறும், முள்ளும், எத்தனையோ கல்யாணத்து இலைகளுமாக மக்கிக் கிடந்தது. அந்த நாற்றத்தில் கூட்டம் பின்வாங்கியது. அவர் மட்டும் நகரவில்லை. இவ்வளவு நாளும் இதன் மேல்தானே ஊருக்கெல்லாம் இலை போட்டோம் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னதாகப் பேசிக்கொண்டார்கள். சுடலைவடிவு அதை நேரில் கேட்கவில்லை. தன்னைப் பார்த்து அவர் தலையைக்கூட அசைக்கவில்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். காஜா முகைதீனின் கடையும் அதே வாரம் போனது. அவர் மார்க்கெட்டுக்குள் சின்னதாக ஒரு கடை பார்த்துக்கொண்டார்.

வண்டிப்பேட்டையில் மூன்று மாடியில் வீடுகள் எழும்பின. முதல் வரிசைக்குச் சாவி கொடுத்தார்கள். ஓடைக்கரைத் தெருவில் பாதிப் பேர் போய்விட்டார்கள். மீதிப் பேர் அடுத்த வரிசை முடியட்டும் என்று காத்திருக்கிறார்கள். நடுவில் ஒரு மழைக்குத் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் வந்தது; ஒரு மணி நேரத்தில் வடிந்தும்விட்டது. இன்னும் சிலர் நாங்கள் போக மாட்டோம் என்கிறார்கள். சுடலைவடிவு வாரம் ஒரு தடவை போய் அவர்களிடம் பேசுகிறாள். சில வீட்டில் உட்காரச் சொல்லுகிறார்கள். சில வீட்டில் சொல்லுவதில்லை.

முத்துராணி முதல் ஆளாகப் போனவர்களில் ஒருத்தி. அவளுக்கு இரண்டாம் மாடி கிடைத்தது. குடிபோன பிறகு சுடலைவடிவு பார்க்கப் போயிருந்தாள். இருவருக்கும் நடுவில் பழைய பேச்சு இல்லை. இனி வருமா என்றும் தெரியவில்லை. முத்துராணி பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். காற்று நன்றாக வருகிறது, தண்ணீர் பயம் இல்லை, ராத்திரி மழைச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார வேண்டியதில்லை என்றாள். பிறகு தலை நிமிராமலே கேட்டாள்.

"ஆட்ட எங்கன கட்டச் சொல்லுத?"

சுடலைவடிவுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. ஜன்னல் வழியே கீழே பார்த்தாள். படிக்கட்டுக் கைப்பிடியில் இரண்டு வெள்ளாடுகளைக் கட்டியிருந்தது. அவற்றின் கயிற்றைத் தாண்டித்தான் எல்லாரும் ஏறி இறங்கினார்கள். மூன்று மாடி, இத்தனை வீடு, படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி என்று எல்லாவற்றையும் படத்தில் வரைந்து பார்த்தார்கள். ஃபஹ்மிதாவும் பார்த்தாள், அவளும் பார்த்தாள். ஆடு ஒருத்தருக்கும் நினைவுக்கு வரவில்லை.

பின்பக்கம் காலி இடம் கிடக்கிறது, கொட்டகை போட ஆணையாளரிடம் கேட்கிறேன் என்றாள். முத்துராணி பீடிக்கு நூல் சுற்றி முடித்துத் தட்டில் போட்டாள்.

"சீக்கிரம் கேளு. ஒண்ணு சினையா இருக்கு."

சுடலைவடிவு எழுந்து, ஆட்டுக்கயிற்றைத் தாண்டிக் கீழே இறங்கி, நகராட்சிப் பக்கம் நடந்தாள்.